படித்து முடிக்க முடிகிற ஃபீட்

மேக்கில் ஃபீட் படிக்கிற நெட்நியூஸ்வயர் ஆப்பில் ஸ்பேஸ்பார்தான் ராஜா. ஒரு தட்டு தட்டினால் பதிவு கீழே நகரும். பதிவு முடிந்த இடத்தில் இன்னொரு தட்டு. படிக்காத அடுத்த பதிவு வந்து நிற்கும். ஒரு ஃபீடில் எல்லாம் தீர்ந்துவிட்டால் அடுத்த ஃபீடுக்கு அதுவே தாவும். மவுஸைத் தொடவே வேண்டாம். ஒரு கையில் காபி டம்ளர், இன்னொரு கையின் கட்டைவிரல் ஸ்பேஸ்பாரின் மேல். மாஸ்டடானில் இரண்டு வரி எழுதுகிறவர், ப்ளூஸ்கையில் பேசுகிறவர், யூடியூபில் வீடியோ போடுகிறவர், சொந்தத் தளத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர் என்று நான் பின்தொடர்கிற அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கடைசியில் இடப்பக்கப் பட்டியலில் படிக்காதவை எத்தனை என்று காட்டிக்கொண்டிருந்த எண்கள் எல்லாம் மறைந்துவிடும். பாக்கி ஒன்றும் இல்லை. சோஷியல் மீடியாவை இன்றைக்குப் படித்து முடித்தாயிற்று என்று எழுந்து போகலாம்.

படித்து முடிப்பது! இது நடக்கக்கூடிய காரியம் என்பதையே நாமெல்லாம் மறந்துவிட்டோம். போனில் ஃபீடுக்கு அடிமட்டம் கிடையாது. விரல் ஓயும்வரை உருண்டுகொண்டே இருக்கும். நாம் பின்தொடர்கிறவரின் பதிவு ஒன்று வந்தால், யாரோ இரண்டு பேருடையதும் ஒரு விளம்பரமும் கூடவே வரும். நேற்று எழுதியது மேலே இருக்கும், இன்று காலை எழுதியது எங்கே என்று தெரியாது. கம்ப்யூட்டரில் ஒரு நல்ல ஆப்பைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை அத்தனையும் ஒழிகிறது. அதைத்தான் ஊரைக் கூட்டிச் சொல்ல வந்திருக்கிறேன். மேக் வைத்திருக்கிறவர்கள் மீதிக் கட்டுரையைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் போய் நெட்நியூஸ்வயரை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான்.

டெஸ்க்டாப்பில் ஃபீட் படிக்கிற ருசியை எங்களில் பலருக்கும் காட்டியது ட்வீட்டெக். இயன் டாட்ஸ்வொர்த் 2008-ல் அதை வெளியிட்டார். திரை முழுக்கப் பத்தி பத்தியாக ட்விட்டர்: ஒன்றில் நண்பர்கள், ஒன்றில் கிரிக்கெட், ஒன்றில் ஒரு ஹேஷ்டேக். அதற்கும் ஒரு வருடம் முந்தியது ஐகான்ஃபேக்டரியின் ட்விட்டரிஃபிக். ட்விட்டருக்குச் சின்னமாக ஒரு பறவையை முதலில் வரைந்தவர்கள் அவர்கள்தான். ட்விட்டரே பிறகுதான் பறவைக்கு வந்தது. ட்வீட்பாட்டும் அப்படி இழைத்துச் செய்த ஒரு ஆப். தூண்டுதல் எதுவும் இல்லாமல், நாம் கேட்டவர்களை, அவர்கள் எழுதிய நேர வரிசையில் காட்டிய காலம் அது.

அந்த ஆப்கள் இன்று இல்லை. ட்வீட்டெக்கை 2011-ல் ட்விட்டரே வாங்கியது. அதன் மேக் ஆப் 2022 ஜூலையில் நின்றது. மீதியிருந்த பிரவுசர் வடிவமும் 2023-ல் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் என்று ஆனது. அதே 2023 ஜனவரியில், வெளியார் செய்த ஆப்கள் இனி ட்விட்டரைத் தொடக்கூடாது என்று விதி வந்து, ட்விட்டரிஃபிக்கும் ட்வீட்பாட்டும் கிட்டத்தட்ட ஒரே இரவில் செத்தன. பல வருட உழைப்பு.

அதனால் ஆப்பைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது என் முதல் கேள்வி அழகைப் பற்றியதாக இல்லை. ஒரு கம்பெனி கதவைச் சாத்தினால் என் வாசிப்பு மொத்தமும் போய்விடுமா? போகும் என்றால் அந்த ஆப் எனக்கு வேண்டாம். அடுத்து, எல்லாத் தளங்களும் ஒரே ஜன்னலில் வரவேண்டும். நேர வரிசை மாறக்கூடாது. யாரைப் பின்தொடர்கிறேன் என்கிற பட்டியல் என் கையில் ஒரு ஃபைலாக இருக்கவேண்டும்.

நல்ல போட்டி இருந்தது என்பதைச் சொல்லியாகவேண்டும். ட்வீட்பாட்டைச் செய்த டேப்பாட்ஸ், அது செத்த அதே மாதத்தில் மாஸ்டடானுக்காக ஐவரி என்ற ஆப்பைக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களில் மேக்குக்கும் வந்தது. அதில் ஒரு பட்டனை அழுத்துவதே தனி இன்பம். மாஸ்டடான் மட்டும் போதும், எழுதவும் பதில் போடவும் வேண்டும் என்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஐவரியை எடுத்துக்கொள்ளலாம். ஸில்வியோ ரிட்ஸி 2024-ல் புதிதாக எழுதிய ரீடர், வலைப்பதிவு, யூடியூப், மாஸ்டடான், பாட்காஸ்ட் எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாக்கித் தருகிறது. ஐகான்ஃபேக்டரியும் விழுந்த இடத்திலிருந்து எழுந்து, 2025-ல் டேப்பெஸ்ட்ரியை அதே எண்ணத்தோடு வெளியிட்டது. புதிய ரீடர் படிக்காத பதிவுகளின் கணக்கையே வைத்துக்கொள்வதில்லை. எந்த இடம்வரை படித்தீர்களோ அந்த இடத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கும். எண்ணைக் கண்டால் மனசு பதறுகிறவர்களுக்கு அது வரம்.

எனக்கோ எண் வேண்டும். எட்டு என்று இருந்தால் எட்டு. படிக்கப் படிக்க ஏழு, ஆறு என்று குறையவேண்டும். ஃபோல்டரும் வேண்டும். ஒரு வரி நகைச்சுவையும் நாலாயிரம் சொல் கட்டுரையும் ஒரே ஓடையில் கலந்து வந்தால் கட்டுரைக்குத்தான் நஷ்டம். நெட்நியூஸ்வயரின் மூன்று பத்திகளைப் பார்த்ததும் தேடல் முடிந்துவிட்டது. இடப்பக்கம் ஃபோல்டர்களும் ஃபீடுகளும், நடுவில் தலைப்புகள், வலப்பக்கம் பதிவு. பழைய மெயில் ஆப்களின் அதே அமைப்பு. இதைவிடச் சிறந்த ஒன்றை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

இதற்கு அடியில் ஓடுவது ஆர்எஸ்எஸ். ஒரு தளம் தன்னிடம் புதிதாக வந்தவற்றை ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைத்திருக்கும். நம் ஆப் அவ்வப்போது போய் அந்த ஃபைலைப் பார்த்துவிட்டு வரும். அவ்வளவுதான். நடுவில் யாரும் இல்லை. கணக்குத் திறக்கவேண்டாம், மெயில் ஐடி கொடுக்கவேண்டாம், யாரைப் படிக்கிறோம் என்று யாருக்கும் அறிவிக்கவேண்டாம். வலைப்பதிவுக்கானது, பழசு என்று பலரும் ஒதுக்கிவிட்ட இந்த ஆர்எஸ்எஸ் இன்றைய சோஷியல் மீடியாவிலும் மறைந்து உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்டுகொண்ட நாளில் நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை!

மாஸ்டடானில் யாருடைய பக்கத்தின் முகவரி முடிவிலும் புள்ளி வைத்து ஆர்எஸ்எஸ் என்று ஆங்கிலத்தில் சேர்த்துப் பாருங்கள். அவருடைய பொதுப் பதிவுகள் ஃபீடாக வந்து நிற்கும். அதில் ஒரு அருமை: அவர் அடுத்தவர்களுக்குச் சொன்ன பதில்கள் வராது, பிறருடையதை எடுத்துப் பரப்பியவையும் வராது. அவர் தானாக எழுதியது மட்டும் வரும். ஒரு மனிதரின் எழுத்தை இத்தனை சுத்தமாக வடிகட்டித் தருவதை மாஸ்டடானுக்குள்ளே போய்ப் படித்தால்கூட நான் காண்பதில்லை. ஹேஷ்டேகுக்கும் இதே வித்தை பலிக்கும். பறவை பார்ப்பவர்கள், பவுண்டன் பேனா பித்தர்கள் என்று ஆளைத் தெரியாமலே ஒரு ஆசையைப் பின்தொடரலாம். ப்ளூஸ்கையிலும் ஒவ்வொருவர் பக்கத்துக்கும் ஃபீட் உண்டு. ரெடிட் குழுக்களுக்கும் அந்தப் புள்ளி ஆர்எஸ்எஸ்தான். யூடியூபுக்கு இந்தச் சிரமம்கூட இல்லை; சேனலின் முகவரியை ஒட்டினால் நெட்நியூஸ்வயரே ஃபீடைத் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

யூடியூப் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் தமிழில் சோஷியல் மீடியா என்றால் பாதி யூடியூப்தான். புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல் புதிதாக ஒன்று போட்டால் என் நடுப்பத்தியில் அந்தத் தலைப்பு ஒரு வரியாக வரும். பார்க்கவேண்டும் என்றால் பி எழுத்தைத் தட்டுவேன்; பிரவுசரில் வீடியோ திறக்கும். இல்லையென்றால் ஸ்பேஸ்பார். இடையில் 'இதையும் பாருங்கள்' கிடையாது, கண்ணைப் பறிக்கிற படம் கிடையாது. தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் என்ன சமைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளப் போய், முக்கால் மணி நேரம் கழித்து யாரோ ஒருவர் கார் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற நிலைமை எனக்கு இப்போது வருவதே இல்லை.

எக்ஸ், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மூன்றும் இந்த வழிக்கு வராது. இன்று எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டர் தன் ஆர்எஸ்எஸ்-ஐ 2013-லேயே எடுத்துவிட்டது. அங்கே மட்டும் எழுதுகிறவர்களை நான் போனில் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் தேடினால் தெரியும், நாம் மதித்துப் படிக்கிற பலருக்கும் வேறு ஒரு வீடு இருக்கிறது. ஜெயமோகன், எஸ். ராமகிருஷ்ணன் இருவரும் சொந்தத் தளத்தில்தான் எழுதுகிறார்கள். வேர்ட்பிரஸ்ஸோ ப்ளாக்ஸ்பாட்டோ எதில் எழுதினாலும் ஃபீட் தானாகவே இருக்கும். எழுதுகிறவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். ஃபேஸ்புக்கில் பாதி மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த எழுத்தாளர்களை இப்போது ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.

எழுத்துக் கட்டளைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த ஆப்புக்குத் துரோகம். எஸ் தட்டினால் நட்சத்திரம், அதாவது பிறகு திரும்பிப் பார்ப்பதற்கு. கே தட்டினால் அந்த ஃபோல்டர் முழுதும் படித்ததாகிவிடும். எனக்குப் பிடித்தது ஓ. ஊருக்குப் போய்விட்டு வருகிறோம், நூற்றுக்கணக்கில் குவிந்திருக்கிறது. நடுப்பத்தியில் முந்தாநாள் பதிவு ஒன்றில் போய் நின்றுகொண்டு ஓ தட்டினால் அதற்கு முந்தையவை எல்லாம் படித்ததாகிவிடும். புதியவை மட்டும் மிஞ்சும். இந்த ஒரு எழுத்தில் இருக்கிற கரிசனத்தைப் பாருங்கள். வாசகன் லீவில் போவான், வந்து மலைப்பான் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். முதல் பத்தி மட்டும் கொடுத்து மீதிக்குத் தளத்துக்கு வா என்கிற ஃபீடுகளுக்கு ரீடர் வியூ உண்டு. அழுத்தினால் முழுக் கட்டுரையும் இங்கேயே விரியும். அந்த ஃபீடுக்கு எப்போதும் அப்படியே காட்டு என்று சொல்லியும் வைக்கலாம்.

இனி தமிழ். பெரும்பாலான ஆப்கள் ஆங்கிலத்தை மனதில் வைத்து வரிக்கும் வரிக்கும் இடைவெளி விடுகின்றன. மேல்வரியில் இருக்கிற 'ழூ'வின் வால் கீழே இறங்கும், கீழ்வரியில் இருக்கிற 'கி'யின் கொக்கி மேலே ஏறும், இரண்டும் ஒன்றையொன்று முட்டும். நீளமான கட்டுரையைப் படித்தால் அரை மணியில் கண் களைத்துப்போகும். நெட்நியூஸ்வயரில் 6.1 பதிப்பிலிருந்து தீம்கள் வந்தன. தீம் என்பது வேறொன்றும் இல்லை, ஒரு ஃபோல்டர். உள்ளே ஒரு ஸ்டைல்ஷீட். கூடவே வருகிற செபியா என்ற தீமைப் பிரதி எடுத்து, அந்த ஸ்டைல்ஷீட்டில் எழுத்துருவைத் தமிழ் சங்கம் எம்என் என்று மாற்றி, வரி இடைவெளியை 1.7 ஆக்கினேன். அடடா! வெளிர்பழுப்புப் பின்னணியில் தமிழ் மூச்சுவிட்டு உட்கார்ந்திருக்கிற அழகை நீங்கள் பார்க்கவேண்டும். 'ளூ'வும் 'ணு'வும் தாராளமாக வாலை நீட்டிக்கொண்டிருக்க, 'சி', 'லி', 'ழி'யின் கொக்கிகள் எதிலும் இடிக்காமல் நிற்கின்றன. அந்த எம்என் யார் தெரியுமா? மலேசியாவின் முத்து நெடுமாறன். 1985-லிருந்து முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை வளர்த்து வருகிறவர். மேக்கில் தமிழைப் படிக்கிற ஒவ்வொருவரும் தினமும் அவருடைய கைவண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நெட்நியூஸ்வயரைச் செய்த பிரெண்ட் சிம்மன்ஸின் கதையும் எனக்கு மிகவும் பிடித்த கதை. 2002-ல் முதல் பதிப்பு. 2005-ல் அதை ஒரு நிறுவனத்துக்கு விற்றார். 2011-ல் அது இன்னொரு கைக்குப் போனது. இதற்கிடையில் ஊர் உலகமே ஃபீட் படிக்கக் கூகுள் ரீடருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதையும் கூகுள் 2013 ஜூலையில் இழுத்து மூடியது. ஆர்எஸ்எஸ் முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். சிம்மன்ஸ் மட்டும் விடவில்லை. எவர்கிரீன் என்ற பெயரில் முதலிலிருந்து இன்னொரு ஆப்பை எழுத ஆரம்பித்தார். 2018-ல் பழைய பெயர் அவரிடமே திரும்பி வந்தது. எவர்கிரீன்தான் 2019 ஆகஸ்டில் நெட்நியூஸ்வயர் 5 ஆக வெளிவந்தது. இந்த முறை விற்பனையே கிடையாது. திறமூல ஆப், மூலநிரல் எல்லோருக்கும் பொது. விளம்பரம் இல்லை, உளவு இல்லை. நன்கொடை கொடுக்கிறோம் என்றாலும் வாங்க மாட்டார்கள். உதவி செய்ய ஆசையா, நீங்களும் ஒரு வலைப்பதிவு எழுதுங்கள், ஆர்எஸ்எஸ் படிக்க நாலு பேருக்குச் சொல்லிக்கொடுங்கள் என்பார்கள். இப்படி ஒரு பொருளுக்கு வாய் ஓயாமல் நன்றி சொல்வதைத் தவிர வேறு எப்படிக் கடன் தீர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தமிழ் வலைப்பதிவின் முதல் தலைமுறைக்கு இதெல்லாம் புதிதே இல்லை. 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் இதே ஆர்எஸ்எஸ் மேல்தான் நின்றது. கோவையில் எழுதியதும் கொழும்பில் எழுதியதும் டொரண்டோவில் எழுதியதும் நேர வரிசையில் ஒரே பக்கத்தில் வரும். திரட்டி என்றுதான் அதை அழைத்தோம். அந்தத் திரட்டியை ஒவ்வொருவரும் தன் மேசையில், தன் விருப்பப்படி கட்டி வைத்துக்கொள்கிற வசதி இது. அன்று ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு பட்டியல். இன்று என் பட்டியலில் நான் வைத்ததுதான் சட்டம்.

விண்டோஸ்காரர்கள் வருத்தப்படவேண்டாம். ஃப்ளூயென்ட் ரீடர் பார்க்க லட்சணமான, இலவசமான ஆப். ஆர்எஸ்எஸ் கார்டு கொஞ்சம் முரட்டுத் தோற்றம், ஆனால் எத்தனை ஃபீட் போட்டாலும் தாங்கும், லினக்ஸிலும் ஓடும். லினக்ஸுக்கே உரிய நியூஸ்ஃப்ளாஷும் நல்ல கைவேலை. மெயிலுக்குத் தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களுக்கு எதுவுமே இறக்கவேண்டியதில்லை, அதற்குள்ளேயே ஃபீட் படிக்கிற வசதி இருக்கிறது.

தண்டர்பேர்டில்தான் என் பெரியம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய விண்டோஸ் லேப்டாப். கண் கொஞ்சம் மங்கல் என்பதால் போன் பிடிக்காது. புதிதாக ஃபீட் கணக்கு ஒன்று திறந்து, அவர் வழக்கமாகப் பார்க்கிற கோலச் சேனல் ஒன்றைச் சேர்த்துக் காட்டினேன். தலைப்புகள் மளமளவென்று வந்து விழுந்தன.

"இதெல்லாம் யாருடா எனக்கு அனுப்பறது?"

"யாரும் அனுப்பல பெரியம்மா. நாமதான் போய் எடுத்துட்டு வரோம்."

"அப்ப நான் பாக்கறது அவங்களுக்குத் தெரியாதா?"

"நீங்க வீடியோவத் திறக்கிற வரைக்கும் தெரியாது."

"இதுவல்லவோ மரியாதை" என்றார்.

அடுத்த முறை போனபோது பட்டியல் அவருடையதாகிவிட்டிருந்தது. யாரையும் கேட்காமல் அவரே சேர்த்திருந்தார். பின்தொடர்கிற பட்டியல் முழுதையும் ஓபிஎம்எல் என்ற ஒரே ஃபைலாக வெளியே எடுத்து, வேறு எந்த ஆப்பிலும் போட்டுக்கொள்ளலாம் என்பது இந்த உலகத்தின் இன்னொரு பெருமை. தண்டர்பேர்டிலிருந்து எடுத்த பெரியம்மாவின் ஓபிஎம்எல் ஃபைலை நெட்நியூஸ்வயரில் இறக்கினேன். ஒரு சிக்கல் இல்லை. கோலம் மூன்று, சமையல் இரண்டு, தேவார உரை ஒன்று, பள்ளிக் கணக்கைக் கதையாகச் சொல்கிற ஒரு வாத்தியாரின் சேனல். கடைசியில், நான் கேள்விப்பட்டே இராத ஒரு யாழ்ப்பாணத்துத் தோட்ட வலைப்பதிவு. கறிவேப்பிலைக் கன்றுக்கு எந்தப் பருவத்தில் எந்த உரம் என்று அந்த அம்மாள் வருடக்கணக்கில் விடாமல் எழுதி வந்திருக்கிறார். தமிழ் சங்கம் எம்என் எழுத்துருவில், செபியா பின்னணியில், மாடித் தொட்டியில் முருங்கை வளர்ப்பது பற்றிய பகுதிக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன்.